எங்கள் வீட்டுக் குழு: சனிக்கிழமை கும்பகோணப் பயணம்

அம்மா: சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கும்பகோணத்தில் ஓவியப் படிப்பைப் பற்றிய விளக்கக் கூட்டம் நடக்கிறது. அது முடிந்ததும் ஆசிரியர்கள் கயலின் போர்ட்ஃபோலியோவை, அதாவது அவள் வரைந்தவற்றின் தொகுப்பைப் பார்ப்பார்கள். அன்று குறுவை நடவுக்கு ஆட்கள் வருவதால் கயலின் அப்பாவால் வர இயலாது. திருவையாற்றிலிருந்து அவளை யார் அழைத்துச் செல்வீர்கள்?

பெரியப்பா: ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். எவ்வளவு அழகாக வரைகிறாள் என்பதைவிட, எதிரே இருப்பதை எப்படிப் பார்க்கிறாள் என்பதைத்தான் அவர்கள் முதலில் தேடுவார்கள். ஆகவே கைப்பேசியில் பார்த்து வரைந்த நடிகர் முகங்களை எடுத்துவிட்டு, திண்ணையில் உறங்கும் அப்பாயி, பித்தளைக் குடம், படித்துறை என நேரில் பார்த்து வரைந்தவற்றில் பதினைந்து முதல் இருபது வரை வைத்தால் போதும். மிகச் சிறந்ததை முதலிலும் அதற்கு அடுத்ததைக் கடைசியிலும் வை, கயல். சார்க்கோல் ஓவியங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைக்காவிட்டால் ஒன்றின் கரி மற்றொன்றில் ஏறிவிடும்.

அத்தை: பெரிய அண்ணன் எழுதியதைப் படித்து முடிப்பதற்குள் குக்கர் நான்கு விசில் அடித்துவிட்டது.

அம்மா: கரி ஏறிவிடும் என்றுதான் நானும் பயந்தேன். நேற்றே ஆறு ஓவியங்களை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துவிட்டேன்.

கயல்: உண்மைதான், பெரியப்பா. அப்பாயியின் கன்னச் சுருக்கத்தின் மேல் இப்போது எங்கள் வீட்டு டியூப்லைட் தெரிகிறது. மூக்கருகில் ஒரு குமிழும் வந்திருக்கிறது.

பெரியப்பா: பிரிக்க முயலாதே, தாளும் சேர்ந்து கிழிந்துவிடும். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அப்பாயியை மறுபடி உட்கார வைத்து வரை.

அத்தை: நான்கு ஆண்டுகள் பி.எஃப்.ஏ. என்ற இந்த ஓவியப் பட்டப் படிப்பைப் படித்த பிறகு என்ன வேலை கிடைக்கும் என்பதையும் அந்தக் கூட்டத்தில் கேட்டு வாருங்கள். அண்ணி, விடுதி உண்டா என்பதையும் கேளுங்கள்.

சுவாமிமலை மாமா: சென்ற மாதம் எங்கள் தெருச் சிலைப் பட்டறையில் ஸ்தபதி தென்னை ஓலையை மடித்து அளவு பார்த்ததையும், தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து சிலையின் விரலை உருவாக்கியதையும், அதன் மேல் காவிரி வண்டலைப் பூசியதையும் கயல் ஒரு சிறு நோட்டில் கிறுக்கி வைத்திருந்தாளே, அது எங்கே?

கயல்: அந்த நோட்டில் எல்லாமே பாதியில் நிற்கின்றன, மாமா. ஒரு பக்கத்தில் டீ கொட்டியிருக்கிறது.

பெரியப்பா: மாமா சொன்ன நோட்டை அவசியம் எடுத்துப் போ. முடிந்த படத்தில் தெரியாத கை அதில் தெரியும். பிடித்த ஓவியர் யார் என்று கேட்டால் விழிக்காதே. துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்து எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்த ஆதிமூலம், 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களை இன்றிரவே பார்த்து வை. கோடு எங்கே தடிக்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்று கவனி.

அப்பா: 1988இல் என் நோட்டைப் பார்த்து இதில் ஒரு வரியையாவது யாராவது சொல்லியிருக்கலாம். அது வெந்நீர் அடுப்புக்குத்தான் போனது.

பெரியப்பா: தம்பி, அதை அடுப்பில் போட்டவர் நம் அப்பா. நான் பக்கத்தில் நின்றுகொண்டு தடுக்கவில்லை என்பது உண்மைதான்.

அத்தை: இதைத் தீபாவளிக்குத் தீபாவளி பேசிக்கொள்கிறீர்கள். சனிக்கிழமை யார் போகிறீர்கள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சுவாமிமலை மாமா: பேருந்தில் சுவாமிமலை வரை அனுப்பிவிடுங்கள். அங்கிருந்து நான் பைக்கில் அழைத்துப் போகிறேன்.

அம்மா: அண்ணா, அவ்வளவு பெரிய ஃபைலைப் பைக்கில் பிடித்துக்கொண்டு போனால் காற்று அவளையும் சேர்த்துத் தூக்கிவிடும்.

அப்பா: நடவு ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்துக்கொண்டால் நானே வருகிறேன். நாளை மாலை சொல்கிறேன்.

பெரியப்பா: நீ வந்தால் நானும் உடன் வருகிறேன்.

கயல்: அப்பாயி திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் கல்லூரிக்குப் போகும் படம் என்று கேள்விப்பட்டு, பீரோவிலிருந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.