பின்னலாடை அச்சு வடிவமைப்புக்கு எந்த மானிட்டர் பொருந்தும்?

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடைகளுக்கான அச்சு வடிவங்களை வீட்டிலிருந்தே வரைந்து கொடுத்துவரும் எனக்கு, மானிட்டர் தேர்வில் தங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது.

கோவையில் விசாரித்தபோது, பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். வகையில் 24 அங்குல முழு எச்.டி. (1920×1080) மானிட்டரை 10,000 ரூபாய்க்கும், தொழிற்சாலையிலேயே நிறம் சீரமைக்கப்பட்டு, அடோபி ஆர்.ஜி.பி. என்ற விரிந்த நிறவெளியில் (நிறங்களின் வரம்பில்) 99 விழுக்காட்டைக் காட்டக்கூடிய 27 அங்குல 2560×1440 மானிட்டரை ஏறத்தாழ ஐந்து மடங்கு விலைக்கும் சொன்னார்கள். முதலாவதில் அங்குலத்துக்கு 92 புள்ளிகளும், இரண்டாவதில் 109 புள்ளிகளும் அமைவதால் கூர்மை வேறுபடும் என்பது புரிகிறது. ஆனால் என் கவலை நிறம்தான். இப்போதுள்ள பழைய டி.என். வகைத் திரையில் தலையைச் சற்றுத் தாழ்த்தினாலே மயில்நீலம் வேறொரு நீலமாகிவிடுகிறது. சென்ற மாதம் இதனாலேயே ஒரு மாதிரித் துணி திரும்பி வந்தது. பான்டோன் அட்டையை (எண்ணிட்ட நிற மாதிரி அட்டையை) வைத்து ஒப்பிடலாம் என்றாலும், வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் அதையும் முழுமையாக நம்ப முடிவதில்லை. (சீரான வெளிச்சத்தில் நிறம் பார்க்க உதவும் ஒளிப்பெட்டி வாங்குவது அடுத்த செலவு.)

மலிவான மானிட்டருடன் நிறம் சீரமைக்கும் கருவியைத் தனியாக வாங்கிக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன். அக்கருவி, திரையில் ஏற்கெனவே உள்ள நிறங்களைத் திருத்துமே தவிர, எஸ்.ஆர்.ஜி.பி. (சாதாரண மானிட்டர்களுக்கான குறுகிய நிறவெளி) எல்லைக்கு வெளியே உள்ள பச்சைகளையும் நீலப்பச்சைகளையும் புதிதாகக் காட்டிவிடாது. துணி அச்சில் அந்தக் குறை நடைமுறையில் எவ்வளவு இடையூறு தருகிறது என்பதை, இரண்டு வகையையும் பயன்படுத்தியவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.