ஏஜென்ட்டுக்கு 30,000 தானாம், சிரித்துவிட்டுப் போங்கள்

மணலி வெல்டர்: "கல்ஃப் போக ஏஜென்ட்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவன் ஏமாளி" என்று நேற்று ஒரு மகான் இங்கே எழுதியிருந்தார். சவுதிக்கு நான் ஒன்றே கால் லட்சம் கட்டிப் போனேன். மண்ணடியில் 30,000-ஐ நீட்டிப் பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ராயபுரத்தான்: அந்த மகான் நான்தான். 2017 விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000. ஜிஎஸ்டி 18% சேர்த்தால் 35,400. ரசீது தர வேண்டும். உங்களிடம் ரசீது இருக்கிறதா?

மணலி வெல்டர்: ரசீதா? விசா கைக்கு வந்ததே பெரிய விஷயம். டிக்கெட், மெடிக்கல் எல்லாம் உங்கள் விதியா கட்டும்?

ராயபுரத்தான்: ரசீது இருக்கிறதா, இல்லையா?

வியாசை தம்பி: அண்ணே, நான் பத்தாவது ஃபெயில், இசிஆர் பாஸ்போர்ட். விசிட் விசாவில் துபாய் போய் வேலை தேடலாம் என்கிறார் ஒருத்தர். போகலாமா?

மணலி வெல்டர்: போகாதே தம்பி. விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம், மாட்டுவது நீதான். அப்புறம், இந்த 30,000 கதையையும் நம்பாதே.

ராயபுரத்தான்: கதையில்லை, விதி. தம்பி, இசிஆர் என்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியிடம் அனுமதி வாங்கித்தான் வேலைக்குப் போக வேண்டும். இன்சூரன்ஸ் இரண்டு வருஷத்துக்கு வெறும் 275 ரூபாய், 10 லட்சம் கவரேஜ். ஏஜென்ட்டின் பதிவு எண் சரியா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார். இதையெல்லாம் பார்க்காமல் ஒன்றே கால் லட்சத்தைத் தூக்கிக் கொடுத்தவரிடம் போய் யோசனை கேட்கிறாயே!

பெரம்பூர் அக்கா: இரண்டு வருஷக் காண்ட்ராக்டுக்கு இவ்வளவு சண்டையா? வேலை போனால் இக்காமாவும், அதான் அங்கே தங்கும் அனுமதியும், போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் பையன் ஜெர்மனியில் ப்ளூ கார்டில், அதான் படித்தவர்களுக்குத் தரும் வேலை அனுமதியில், இருக்கிறான். பி1 ஜெர்மன் முடித்து 21 மாதம் வேலை பார்த்தால் நிரந்தர வசிப்புரிமையே கிடைக்கும்.

மணலி வெல்டர்: வந்துவிட்டார்கள் பெரம்பூர்க்காரர்கள். பத்தாவது ஃபெயில் பையனிடம் ப்ளூ கார்டு பேசுகிறீர்களே அக்கா? மழைத் தண்ணீர் விவாதத்திலும் "எங்கள் தெரு காய்ந்துதான் இருக்கிறது" என்று சொன்னவர்தானே நீங்கள்.

பெரம்பூர் அக்கா: எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் அது என் தப்பா? உங்கள் ஊர் கவுன்சிலரைப் போய்க் கேளுங்கள்.

ராயபுரத்தான்: பேச்சை மாற்றாதீர்கள். ரசீது.

மணலி வெல்டர்: சரி ஐயா, நீங்கள் எந்த நாட்டில் வேலை பார்த்தீர்கள்?

ராயபுரத்தான்: அது இங்கே தேவையில்லை. 35,400.

மணலி வெல்டர்: பாரிமுனையைத் தாண்டாதவர் எனக்கு சவுதி ரேட் சொல்கிறார்!

வியாசை தம்பி: அண்ணே, அந்தப் பதிவு எண்ணை எங்கே பார்ப்பது?

ராயபுரத்தான்: முதலில் அவர் ரசீதைக் காட்டட்டும் தம்பி.