எல்லயில் பழைய ஆட்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது சரியா?

எல்லக்காரன்:
வணக்கம். இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் எல்ல ஊரில் ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் நான் சின்ன வயதில் பார்த்த வீடு, சலூன், தேத்தண்ணிக் கடை எல்லாம் ஒவ்வொன்றாகக் கெஸ்ட் ஹவுஸாக மாறுகின்றன, வாடகை கட்ட முடியாதவர்கள் பண்டாரவளைப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களையும் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) உள்ள வயதானவர்களையும் அவரவர் வாசலில் வைத்துப் படமெடுக்கிறேன். கலரில் எடுத்தால் தேயிலைப் பச்சையும் ஹோட்டல் போர்டும்தான் கண்ணில் அடிக்கின்றன. கறுப்பு வெள்ளையில் முகம் முன்னுக்கு வருகிறது, ஆனால் தங்கச்சி பார்த்துவிட்டு "செத்த வீட்டுப் படம் மாதிரி இருக்கு" என்றாள். அதோடு லயத்துக்குள் வெளிச்சமும் போதவில்லை. என்ன செய்யலாம்?

பதுளைத் தம்பி:
அண்ணே, ஃபிளாஷ் வேண்டாம். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கதவோரமாக உட்காரவைத்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள், மழைமூட்டமான நாளென்றால் இன்னும் நல்லது. கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றலாம், படத்தில் கொஞ்சம் மணல் மாதிரிப் புள்ளி விழுந்தால் பரவாயில்லை. கேமராவின் மோனோ (கறுப்பு வெள்ளை) மோடை நம்பாமல், கலர் விவரம் அப்படியே இருக்கும் ரோ (RAW) ஃபைலில் எடுத்துப் பிறகு கம்ப்யூட்டரில் மாற்றுங்கள். மாற்றும்போது ஆரஞ்சைக் கூட்டினால் தோல் தெளியும், பச்சையைக் குறைத்தால் தேயிலை பின்னால் போகும். கான்ட்ராஸ்டை மட்டும் ஏற்றாதீர்கள். நம் ஆட்களின் கறுத்த முகத்தில் கண்ணும் சுருக்கமும் மட்டும் மிஞ்சி, எல்லாரும் துயரப்படுகிறவர்கள் போலத் தெரிவார்கள். தங்கச்சி சொன்னது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஹட்டன் அக்கா:
தம்பி சொன்னது சரி, ஆனால் லைட்டோடு விஷயம் முடியாது. வெள்ளைக்காரன் காலப் போஸ்ட்கார்டுகளில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருப்பார்கள், பெயர் இருக்காது, "தமிழ்க் கூலி" என்றுதான் போட்டிருக்கும். நீங்கள் பெயர், எத்தனை வருடம் அந்த வீட்டில், முன்னால் என்ன வேலை என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். இன்னொன்று. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானதே, எங்கள் அப்பாயி வீட்டில் இருக்கும் ஒரே கறுப்பு வெள்ளைப் படம் அப்போது தம்பிக்காரர் பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுதான். மூலை மடிந்து, சீல் மை பட்டு, பெட்டிக்குள் சேலைக்கு அடியில் கிடக்கிறது. அவர் போனவர்தான், திரும்பவே இல்லை. அந்த வயதுக்காரர்களுக்குக் கறுப்பு வெள்ளை என்றால் பிரிவு. எப்படி எடுக்கட்டும் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள், எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எல்லக்காரன்:
அக்கா, நேற்று லயத்தில் ஒரு பாட்டியிடம் கேட்டேன். கறுப்பு வெள்ளையில் அவரைப் பிரிண்ட் போட்டுக் காட்டியதும் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம், "முகம் நல்லாருக்கு, ஆனா செவுரு நீலம்னு யாருக்குத் தெரியும், தீவாளிக்கு நான்தானே அடிச்சேன்" என்றார். அவருக்கு மட்டும் கலரில் இன்னொன்று எடுத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.