அம்மாவின் மறதியை எழுதுகிறேன், யோசனை வேண்டும்

வணக்கம். அல்சைமர் வந்த அம்மாவைக் கும்பகோணத்தில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட நாட்களை எழுதி வருகிறேன். இந்த நோயில் பெரும்பாலும் அண்மை நினைவுகள்தான் முதலில் போகும். காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு, 1974இல் பால்காரருக்கு வைத்த பாக்கியைச் சொல்வார். சாயங்காலமானால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்குக் கிளம்பிவிடுவார். நகையைத் திருடிவிட்டதாக அண்ணியைத் திட்டியதும் உண்டு. அதை எழுதலாம் என்கிறார் அண்ணி. கூடாது என்கிறார் அண்ணன்! அம்மாவிடம் சம்மதம் கேட்கவும் வழியில்லை.

குளிப்பாட்டியது, துணி மாற்றியது எல்லாம் அவருக்குக் கூச்சமான விஷயங்கள். ஆனால் இப்போது பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உபயோகப்படுவது அதுதானே? இப்படி எழுதியவர்கள் எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள்? அப்புறம், ஒரே நாளில் பல வயதுகளில் இருந்தவரைத் தேதி வரிசையில் எழுதினால் ஒட்டவில்லை. வேறு எப்படி அடுக்கலாம்?