மதியமானால் டீமெத்தனைசரில் கார்பன் டை ஆக்சைடு உறைகிறது: முதலில் எதைப் பார்ப்பது?

வளைகுடாவில் ஒரு கேஸ் பிளான்டில் ப்ராசஸ் வேலை. டர்போ எக்ஸ்பாண்டர் (கேஸை விரியவிட்டுக் குளிர வைப்பது) யூனிட், ஈத்தேன் ரெகவரி டிசைன்படி 95 சதவீதம். மூன்று வாரமாக மதியம் ஒரு மணிக்கு மேல் டீமெத்தனைசரின் (மீத்தேனைப் பிரிக்கும் குளிர் டவர்) மேல் டிரேக்களில் பிரஷர் டிராப் ஏறிக்கொண்டே போகிறது, அங்கே மைனஸ் 97 டிகிரி. மெத்தனால் விட்டால் இறங்குகிறது, மறுநாள் அதே கதை. வேறு வழியில்லாமல் அந்த டவரைச் சற்றுச் சூடாக ஓட்டுகிறோம், ரெகவரி 86க்கு வந்துவிட்டது.

உள்ளே வரும் கேஸில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம். அதை உறிஞ்சி எடுக்கும் அமீன் யூனிட் (எம்டிஇஏ என்ற அமீன் கரைசல், உறிஞ்சுவதை வேகப்படுத்தும் பைப்பரசீன் கலந்தது) தாண்டியதும் 0.1 இருக்க வேண்டும். இரவில் 0.2, மதியம் 0.6. லீன் அமீன் (சுத்தமாகி மறுபடி உறிஞ்சப் போகும் கரைசல்) சூடு இரவில் 46, மதியம் 58 டிகிரி. ஆனால் போன கோடையிலும் இதே 58தான், அப்போது ஒரு தொல்லையும் இல்லை.

செய்து பார்த்தவை: சர்குலேஷனை 10 சதவீதம் கூட்டினோம், அசையவில்லை. கரைசலைச் சூடாக்கிச் சுத்தம் செய்யும் ரீபாய்லரின் ஸ்டீமும் கூட்டினோம், லீன் லோடிங் (சுத்தமான பின்னும் கரைசலில் மிச்சமிருக்கும் கார்பன் டை ஆக்சைடு) 0.01தான், அதில் குறையில்லை. ஏர் கூலர் கழுவியதில் இரண்டு டிகிரி கிடைத்தது. நுரை இல்லை, கார்பன் ஃபில்டரும் புதுசு. டைட்ரேஷனில் மொத்த அமீன் 48 சதவீதம் சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் அதில் பைப்பரசீன் எவ்வளவு என்று அது சொல்லாதே! சாம்பிள் வெளி லேபுக்குப் போயிருக்கிறது, முடிவு வர இன்னும் மூன்று வாரம்.

அதுவரை காத்திராமல் பைப்பரசீன் சேர்த்துப் பார்க்கலாமா, இல்லை ஷட்டவுன் எடுத்து அப்சார்பர் (அமீன் கேஸைக் கழுவும் டவர்) டிரேக்களைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வேலையா?