டைல்ஸ் தூசி, நெஞ்சுச் சளி: அனுபவப் பட்டவங்க எழுதுங்க

மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். அப்பா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவர். தோட்டத்தை வித்துத் தாமான் (வீட்டுக் குடியிருப்பு) கட்டினப்போ நான் அதே மண்ணுல டைல்ஸ் வேலைக்குப் போனேன். 16 வருஷமா கிரைண்டர் பிடிச்சிருக்கேன். காய்ஞ்ச கல்லைத்தான் அறுப்போம். தண்ணி விட்டா சேறாகும், கோடு தெரியாதுன்னு காண்ட்ராக்டர் சத்தம் போடுவார். சாப்பிட உட்காரும்போது புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளையா இருக்கும். துண்டை உதறி அதுலயே முகத்தைத் துடைச்சுட்டு சோத்துல கை வைப்போம். வீட்டுக்கு வந்தா சின்ன மக ஓடிவந்து கட்டிக்கும். அவ முடியிலயும் அந்த மாவு. அதை நினைச்சா இன்னும் மனசு ஆறல.

போன வருஷம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குச்சு. கிளினிக்ல மூணு தடவை இருமல் மருந்து கொடுத்தாங்க. என்ன வேலைன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. கடைசியா ஈப்போவுல பார்த்த டாக்டரம்மாதான் கேட்டாங்க. எக்ஸ்ரேயில பொடிப் புள்ளிகளைக் காட்டி சிலிக்கோசிஸ்னு சொன்னாங்க, கல்லுல இருக்கிற சிலிக்காத் தூளால வர்ற நுரையீரல் நோய். கண்ணுக்குத் தெரியிற தூசி மூக்குலயும் தொண்டையிலயும் நின்னு சளியோட வந்துடுமாம். தெரியாத தூள்தான் நுரையீரலோட அடிவரைக்கும் போய்த் தழும்பாக்குது. அந்தத் தழும்பைக் கரைக்க மருந்தே இல்லை. காசநோயும் சுலபமா பிடிக்கும்னு சளியைச் சோதிச்சாங்க. இந்தத் தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு 1997லயே உலக அளவுல உறுதியா சொல்லிட்டாங்களாம். எனக்கு இப்பதான் தெரியுது.

—

அண்ணே, பந்திங்ல சைட் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். படிச்சதும் வயிறு கலங்கிடுச்சு. தயவுசெஞ்சு எல்லாரும் தண்ணிக் குழாய் வச்ச மெஷின்ல அறுங்க. சாதா கரண்டு கிரைண்டர் மேல தண்ணி ஊத்தாதீங்க, ஷாக் அடிக்கும். வேலை முடிஞ்சதும் வெறும் துடைப்பத்தால கூட்டாதீங்க, காத்தடிச்சு சட்டையைத் தட்டாதீங்க. துணி மாஸ்க், மலிவு விலை சாதா மாஸ்க் எதுவும் இந்தத் தூளுக்கு நிக்காது. குறைஞ்சது நுண்தூசியை வடிகட்டுற N95 மாஸ்க் வேணும், அது முகத்தோட ஒட்டி உட்காரணும். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தாடி வளர்த்த ஒரு தம்பி மாஸ்க்கைக் கழட்டிக் காட்டினான். உள்பக்கம் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. தாடி இருந்த இடத்துல காத்து உள்ளே போயிருக்கு. காவடி எடுத்து முடியற வரைக்கும் அவனை அறுக்கிற வேலையில விடல.

—

அண்ணன் சொக்சோவுல (தொழிலாளர் காப்புறுதி) பதிஞ்சாச்சா? என் வீட்டுக்காரரும் கல் உடைக்கிற இடத்துல இருந்தவர்தான். சிலிக்கோசிஸ் 1969 சொக்சோ சட்டத்துல தொழில் நோய்ப் பட்டியல்லயே இருக்கு. எக்ஸ்ரே, டாக்டர் கடிதம், எந்தெந்த சைட்ல எத்தனை வருஷம்னு எல்லாத்தையும் எழுதி வச்சுக்குங்க. எங்களுக்கு அந்தச் சைட் கணக்கு எடுக்கத்தான் மாசக்கணக்கா ஆச்சு.

—

நன்றிக்கா. திங்கட்கிழமை போறேன். என்கூட அறுத்த வங்காளதேசத் தம்பிகள் ரெண்டு பேருக்கும் இருமல் இருக்கு. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் 2019ல இருந்து சொக்சோ உண்டு. அவங்களையும் கூட்டிட்டுப் போறேன்.