சிவப்புக் கண் சில்வண்டு: ஒரே மரத்தில் மூன்று அளவு. ஆண் பெண்ணா, வேறு வேறு இனமா?

மலையருவி | 2025 ஜூன் 7, காலை

வணக்கம். அமெரிக்காவின் ஓஹியோவில், சின்சினாட்டிக்குக் கிழக்கே கிளெர்மான்ட் கவுன்டியில் இருக்கிறோம். சில வாரங்களாக ப்ரூட் 14 (17 வருடத்துக்கு ஒருமுறை ஒன்றாக வெளிவரும் கூட்டங்களில் ஒன்று) சில்வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வந்துகொண்டே இருக்கின்றன. 2008-க்கு அப்புறம் இப்போதுதான் இந்தக் கூட்டம் வருகிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். என் மகளுக்கு 9 வயது. தினமும் காலையில் கொல்லை மரங்களடியில் பொறுக்கி, கண்ணாடி ஜாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே மரத்தில் விட்டுவிடுகிறாள்.

சிக்கல் இதுதான். எல்லாமே கறுப்பு உடம்பு, சிவப்புக் கண், ஆரஞ்சு நரம்போடிய இறக்கை. அளவுதான் வேறு. ஸ்கேல் வைத்து அளந்தோம்: பெரியது 40 மி.மீ., சிறியது 33, நடுத்தரம் ஒன்று 36. போன் செயலியில் படம் போட்டால் ஒரு தடவை செப்டென்டெசிம் என்ற இனம் என்கிறது, அடுத்த தடவை அதே பூச்சியைக் காசினி என்ற இனம் என்கிறது. பெரியது பெண், சிறியது ஆண் என்பது என் மனைவியின் கணிப்பு. மகளோ நோட்டில் சரியான பெயர் எழுதியே ஆக வேண்டும் என்கிறாள். எதை வைத்துப் பிரிப்பது?

கொல்லைக்கதவு

ஆண் பெண் வித்தியாசமாகத்தான் இருக்கும். வயிற்றின் நுனியைப் பாருங்கள். பெண்ணுக்கு அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு பிளவும் அதற்குள் முட்டையிடும் ஊசியும் இருக்கும். ஆணுக்கு நுனி மழுங்கலாக இருக்கும்.

மலையருவி

பார்த்தாயிற்று. பெரியதில் ஒன்றுக்கு ஊசி இருக்கிறது, சிறியதில் ஒன்றுக்கும் இருக்கிறது. நடுத்தரத்துக்கு இல்லை. ஆக ஆண் பெண் கணக்கு ஒத்துவரவில்லை.

வண்டுக்கூடு

நல்ல சோதனை. பாதி வேலை அதிலேயே முடிந்தது. 2004-லும் 2021-லும் ப்ரூட் 10 வந்தபோது இதே குழப்பத்தில் மாட்டி நிறைய நாள் செலவழித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவை ஓரமாக வையுங்கள். நீங்கள் அளந்தது இறக்கை நுனிவரை என்று தெரிகிறது. தலை முதல் வயிற்று நுனிவரை அளந்தாலும் செப்டென்டெசிம் பொதுவாகப் பெரியது, மற்றவை சிறியவை என்பது வரைக்கும்தான் சொல்லலாம். சின்னதாக வளர்ந்த செப்டென்டெசிமும் நன்றாக வளர்ந்த காசினியும் ஒரே அளவில் நிற்கும்.

17 வருடச் சில்வண்டில் மூன்று இனங்கள்: செப்டென்டெசிம், காசினி, செப்டென்டெகுலா. லின்னேயஸ் 1758-இல் பெயரிட்டது முதலாவதற்கு. செப்டென்டெகுலாவைத் தனி இனமாக அலெக்சாண்டரும் மூரும் பிரித்துக் காட்டியது 1962-இல். அதாவது அறிஞர்களே இருநூறு வருடம் கழித்துத்தான் பிரித்திருக்கிறார்கள், போன் செயலி தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. அதிலும் மேலிருந்து எடுத்த படத்தில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பார்க்க வேண்டியது இரண்டே இடம். பூச்சியை இறக்கையோடு சேர்த்து மெதுவாகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். கண்ணுக்குப் பின்னால், இறக்கை முளைக்கும் இடத்துக்கு முன்னால், ஒரு சின்ன இடைவெளி தெரியும். அங்கே ஆரஞ்சுத் திட்டு இருந்தால் செப்டென்டெசிம். கறுப்பாக இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று.

அப்புறம் மல்லாத்தி வயிற்றைப் பாருங்கள். செப்டென்டெசிமுக்கு ஒவ்வொரு வளையத்திலும் அகலமான ஆரஞ்சுப் பட்டை, தூரத்திலிருந்தே தெரியும். காசினிக்கு வயிறு முழுக்கக் கறுப்பு. எப்போதாவது மங்கலாக அரைகுறைப் பட்டை இருக்கும். செப்டென்டெகுலாவுக்கு வளையத்தின் பின்விளிம்பில் மட்டும், பென்சிலால் கோடு போட்டதுபோல, மெல்லிய ஆரஞ்சு மஞ்சள் வரி.

ஒரு எச்சரிக்கை. தோலுரித்த உடனே வெள்ளை வெளேரென்று மெத்தென்று இருக்கும் பூச்சியில் இதைப் பார்க்காதீர்கள். உடம்பு கறுத்து இறுகட்டும். செத்து வெயிலில் காய்ந்ததையும் நம்ப வேண்டாம், நிறம் மங்கிவிடும்.

ஓஹியோ மரகதம்

குழந்தை கையில் எடுக்கிறாளே, கடிக்காதா? கொட்டாதா?

வண்டுக்கூடு

கடிக்காது அக்கா, கொட்டவும் கொட்டாது. மரச்சாறு உறிஞ்சும் வாய்தான் அதற்கு. கால் கொக்கி சுள்ளென்று பிடிக்கும், அவ்வளவுதான். வயிற்று நுனி உதிர்ந்து, அந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடைத்ததுபோல் ஒன்றைப் பார்த்தால் அது மாசோஸ்போரா பூஞ்சை பிடித்தது. அதைத் தொடாமல் விட்டுவிடச் சொல்லுங்கள்.

மலையருவி | 2025 ஜூன் 8

அண்ணா, ரொம்ப நன்றி. மூன்றையும் பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்தோம், சிறகடிக்காமல் உட்கார்ந்தன. மகள் லென்ஸ் பிடித்தாள், நான் டார்ச் அடித்தேன்.

பெரியது: கண்ணுக்குப் பின்னால் ஆரஞ்சுத் திட்டு பளிச்சென்று இருக்கிறது, வயிற்றில் அகலப் பட்டை. சிறியது: திட்டு இல்லை, வயிறு கரிக்கட்டை மாதிரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று தோன்றியது.

நடுத்தரம்தான் இடிக்கிறது. திட்டு இல்லை. ஆனால் வயிற்றில் கோடு இருக்கிறது. மெல்லிய கோடுதான், எல்லா வளையத்திலும் ஒரே சீராக. இது கோடு போட்ட காசினியா, செப்டென்டெகுலாவா? கையில் எடுத்தால் கிறீச்சென்று கத்துகிறது. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பவா?

வண்டுக்கூடு

கையில் பிடித்தால் போடும் சத்தம் வேண்டாம். அது பயத்தில் போடும் கூச்சல், இனம் பிரிக்க உதவாது. மரத்தில் உட்கார்ந்து தானாகப் பாடுவதுதான் வேண்டும்.

கத்துவதால் அது ஆண். இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், வயிறு தொடங்கும் இடத்தில் இருபுறமும் விசிறி மடிப்புபோல வரிவரியான சவ்வு இருக்கும். ஒலி பிறப்பது அதில்தான். பெண்ணுக்கு அது கிடையாது, பெண் இறக்கையைச் சொடுக்கித்தான் பதில் சொல்லும்.

ஒரே சீரான, அறுபடாத கோடு என்றால் நான் செப்டென்டெகுலா பக்கம்தான் சாய்வேன். காசினியில் வந்தால் அது நடுவில் விட்டுப்போன மங்கல் கோடாக இருக்கும். உறுதி செய்யக் காது வேண்டும். செப்டென்டெசிம் 'ஃபேரோ' என்று இழுத்து, கடைசியில் சுருதி இறங்கி முடிக்கும். காசினி சில 'டிக் டிக்', அப்புறம் 'ஷ்ஷ்ஷ்' என்று ஒரு சீறல். செப்டென்டெகுலா சீறாமல், சின்னச் சின்ன வெட்டாகத் தொடர்ந்து தட்டிக்கொண்டே போகும்.

நடுத்தரத்தை எந்த மரத்தில் பிடித்தீர்கள்? ஹிக்கரி, வால்நட் மரங்களைத்தான் செப்டென்டெகுலா அதிகம் நாடும்.

வால்பாறைத் தேயிலை

நடுவில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் கோடைமழைக்கு முன்னால் கத்தும் சில்வண்டுக்கும் இந்த ஆரஞ்சுத் திட்டு முறை உதவுமா?

வண்டுக்கூடு

உதவாது தம்பி. இது மாஜிசிகாடா என்ற பேரினத்துக்குள் மட்டும் செல்லும் கணக்கு, அந்தப் பேரினம் அமெரிக்காவின் கிழக்குப் பாதியில்தான் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் முதலில் இறக்கையைப் பாருங்கள். மரப்பட்டை மாதிரி புள்ளியும் திட்டுமாக இருந்து, கழுத்துப் பக்கம் இருபுறமும் அகலமாகப் புடைத்திருந்தால் பிளாட்டிப்ளூரா வகை. கண்ணாடி இறக்கை, ஒல்லி உடம்பு, ஆணின் வயிற்றடியில் இரண்டு ஜோடிக் கறுப்புக் குமிழ் இருந்தால் புரானா. அதற்குள் இனம் பிரிக்க, ஆணின் ஒலியறையை மூடியிருக்கும் தகடு எவ்வளவு நீளம், என்ன வடிவம் என்று பார்ப்பார்கள். தனி இழை தொடங்குங்கள், வயிற்றுப்பக்கப் படம் கட்டாயம்.

மலையருவி | 2025 ஜூன் 10

அண்ணா, பெரியதையும் சிறியதையும் மேப்பிளில் பிடித்தோம். நடுத்தரம் மட்டும் வேலியோரக் கறுப்பு வால்நட் மரத்தில்! நேற்று அதனடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மற்ற மரங்களின் இரைச்சலில் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மகள்தான் காதைக் குவித்துக் கேட்டு, "அப்பா, அந்தக் கிளையில் ஒன்று தையல் மிஷின் மாதிரி ஓட்டுகிறது" என்றாள். சீறல் இல்லை, இழுவை இல்லை. பதிவு இணைத்திருக்கிறேன்.

வண்டுக்கூடு

கேட்டேன். சந்தேகமே இல்லை, செப்டென்டெகுலா. மூன்றில் அதுதான் பெரும்பாலும் குறைவாகத் தென்படுவது. மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், அந்தக் காது லேசில் வாய்க்காது.

'சிகாடா சஃபாரி' செயலியில் படம் ஏற்றிவிடுங்கள். உங்கள் ஊரிலேயே இருக்கும் மவுன்ட் செயின்ட் ஜோசப் பல்கலைக்கழகத்தின் ஜீன் கிரிட்ஸ்கி தொடங்கியது அது. எந்த இடத்தில் வந்தது என்று வரைபடத்தில் சேர்ப்பார்கள்.

மலையருவி

ஏற்றிவிட்டோம். நோட்டில் மூன்று பெயரும் எழுதியாயிற்று, பக்கத்தில் மூன்று வயிற்றுப் படமும் வரைந்திருக்கிறாள். கீழே '2042, எனக்கு 26 வயது' என்று எழுதி, வால்நட் மரம் எங்கே என்று அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.